ஒரு பால்பல்லும் மூன்று நிபுணர்களும்

வீட்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க ஈயத்துக்காரர் வந்தபோது முற்றத்துச் சுவரில் ஒரு ஜன்னல் கிரில் சாய்ந்து நின்றது. பாதிவரை, பெயிண்டுக்கு முன் பூசும், ஈயம் கலந்த சிவப்பு பிரைமர் அடித்திருந்தது. அவர் டப்பாவைப் பார்த்தார், கிரில்லைப் பார்த்தார், அதற்கு அடித்துக்கொண்டிருந்தவளின் விரல் நகங்களைப் பார்த்தார். தரையிலிருந்து கொஞ்சம் தூசியைக் குப்பியில் கூட்டி எடுத்துக்கொண்டார். அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே வெல்டிங் புகை சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. அவர் பதவிக்கு அது படக்கூடாது.

அப்புறம் ஒரு நாள் மாங்கனீசு மேடம் வந்தார். பிரைமர் டப்பா செருப்பில் இடிக்காமல் லாவகமாகத் தாண்டிப்போய், வெல்டிங் புகைக்கு நேராக ஒரு சின்னக் கருவியை நீட்டினார். வெல்டிங் ராடில் மாங்கனீசு இருக்கிறது, எரியும்போது புகையோடு பறக்கிறது என்று விளக்கினார். பிரைமரைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வேற மாடிம்மா" என்றார்.

மூன்றாவதாக வந்தவர் தண்ணீர்க்காரர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மூலையில் இருந்த மோட்டாரைப் போடச் சொல்லி, புகை தாங்காமல் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

மூவரும் ஒரே அலுவலகம். குழந்தைகளை நச்சுப்பொருள்களிடமிருந்து காக்கும் அலுவலகம் என்று வாசலில் பலகை உண்டு. முழுப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போய்விடும். ஈயம் முதல் மாடி, மாங்கனீசு இரண்டாம் மாடி, தண்ணீர் மூன்றாம் மாடி. லிஃப்டில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றிப் பேசுவார்களே தவிர, ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்வது மரியாதைக் குறைவு.

மூன்று மாடியிலிருந்தும் வந்த பதில் ஒன்றுதான். "எங்க பக்கம் எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு."

தெருவில் அவளுக்குப் பெயர் பெயிண்டர் அக்கா. கணவன் வெல்டர். அவன் இரும்பை ஒட்டுவான், அவள் நிறம் கொடுப்பாள். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, எது வந்தாலும் முன்முற்றத்தில்தான் வேலை. ஏழு வயதில் ஒரு மகன். முன்பல் இரண்டும் எட்டிப் பார்க்கும் என்பதால் சுண்டெலி என்று பெயர் விழுந்தது. இப்போது பற்கள் விழுந்துவிட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சுண்டெலியை உப்பும் சோப்பும் வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் வீட்டுப் பூனை குட்டி போட்ட சேதியோடு வெறுங்கையாய் வருவான். சட்டைப் பொத்தானோடு அவன் விரல்கள் நடத்தும் மல்யுத்தம் முடிவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். எழுத ஆரம்பித்தால் பென்சில் நடுங்கும். டீச்சர் நல்ல மாதிரி. "தங்கமான பையன்தாங்க. ஆனா ரெண்டு விஷயம் சேர்த்துச் சொன்னா ஒண்ணுகூட உள்ள நிக்க மாட்டேங்குது" என்றார். டாக்டர் என்னென்னவோ பார்த்துவிட்டு, வீட்டுச் சூழலை ஒருமுறை பரிசோதித்தால் நல்லது என்று அந்த அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார். அப்படித்தான் மூவரும் வந்தார்கள்.

பெயிண்டர் அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். அவள் வயிற்றில் இன்னொன்று, நாலாவது மாதம்.

"மூணையும் ஒரே நேரத்துல விட முடியாது சார்" என்று அவள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருந்தாள். "அவரு வெல்டிங்க விட்டா சோறு இல்ல. நான் பெயிண்ட விட்டா பாதிச் சோறு இல்ல. போர்க் கெணத்த விட்டா குடிக்கத் தண்ணி இல்ல. எது கெடுதல்னு சொல்லுங்க, அந்த ஒண்ண எப்படியாவது விட்டுடுறோம். அடுத்ததும் இப்படி ஆயிடக்கூடாது."

அந்த ஒன்று தங்கள் மாடியில் இல்லை என்று மூவரும் உறுதியளித்தார்கள்.

*

பிறகு அந்த அலுவலகத்தின் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலை வைத்தே இளவயது என்று தெரிந்தது. "அக்கா, உங்க பையனோட விழுந்த பால்பல் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"பல்லா? எதுக்குத் தங்கச்சி?"

"புதுசா ஒரு மிஷின் வந்திருக்கு. பல்ல வெட்டி உள்ள பார்க்கலாம். பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து உடம்புக்குள்ள என்னென்ன போச்சுன்னு அதுல தெரியும்."

போனை வைத்தபின் அவள் கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "பொறக்கறதுக்கு முன்னாடி ஏதுடி பல்லு?"

"எனக்கென்ன தெரியும்? அவங்க சொல்றாங்க. பல்லு எங்க வச்சீங்க?"

எங்கே என்று கேட்பது வீண். உலகத்தில் உடைந்தது, உதிர்ந்தது, கழன்றது எல்லாமே அவனுடைய வாஷர் டப்பாவுக்குத்தான் போகும். எந்தத் துண்டையும் தூக்கி எறியமாட்டான். என்றைக்காவது ஒரு கேட்டுக்கு உதவும் என்பான். மகனுடைய பல்லும் ஒருநாள் கேட்டுக்கு உதவுமோ என்னவோ, அதையும் அங்கேதான் போட்டு வைத்திருந்தான். முன்பல் இரண்டில் ஒன்றை சுண்டெலி வாழைப்பழத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டதாக வீட்டில் பேச்சு. ஆனால் டப்பாவைக் கவிழ்த்தபோது நட்டுகளுக்கு நடுவே இரண்டு பல் கிடைத்தது.

"பாத்தியா, முழுங்கல. நான்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்று வெல்டர் பெருமைப்பட்டுக்கொண்டான்.

நல்ல இடத்துக்குப் போகிற பொருளாயிற்றே என்று, இரண்டையும் பெயிண்ட் தின்னரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். பிரைமர் அடிக்க மட்டும்தான் அவன் கை போகவில்லை. ஆய்வகப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்புறம், "பரவால்லைண்ணா. நாங்க உள்பக்கம்தான் படிப்போம்" என்றாள்.

*

மிஷினுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். அலுவலகத்தில் ஒரு பொருள் வந்தால் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அதைத் திறந்து வைத்தாக வேண்டும். ஆய்வக அறையில் நாற்காலிகள் போட்டு, சுவரில் பெரிய திரை மாட்டி, பல் கொடுத்த குடும்பம் என்பதால் இவர்கள் மூவரையும் முதல் வரிசையில் உட்கார்த்தியிருந்தார்கள். மூன்று நிபுணர்களும் பின்வரிசையில், ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமை அதிகாரி மைக்கைப் பிடித்தார். "இந்தக் கருவி நம் துறையின் வரலாற்றில் ஒரு பொன்னேடு. அறிவியலும் அர்ப்பணிப்பும் கைகோத்து நிற்கும் இந்தத் தருணத்தில்..."

"அது என் பல்லாப்பா?" என்றான் சுண்டெலி, மைக்குக்கு நிகரான குரலில். "திருப்பிக் குடுப்பாங்களா?"

"சும்மா இருடா" என்றான் வெல்டர்.

"வெட்டிட்டாங்கன்னா ஒட்டிக் குடுப்பியா?"

பின்வரிசையில் யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். தலைமை அதிகாரி பொன்னேட்டைச் சுருக்கமாகப் புரட்டிவிட்டு அமர்ந்தார்.

ஆய்வகப் பெண் விளக்கை அணைத்தாள். திரையில் ஒரு மலை வந்து நின்றது.

பெயிண்டர் அக்காவுக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. தேன் நிறத்தில் ஒரு மலைச்சரிவு. சரிவு முழுக்க அடுக்கடுக்காக மெல்லிய கோடுகள். பழைய கேட்டில் எங்காவது பெயர்ந்தால் விளிம்பில் தெரியுமே, அடியில் பிரைமர், மேலே ஒரு பூச்சு, அதற்கு மேல் வேறு நிறத்தில் இன்னொன்று, அது மாதிரி. ஆனால் இங்கே பூச்சுகளுக்கு முடிவே இல்லை. பார்க்கப் பார்க்க, இரண்டு கோடுகளுக்கு நடுவே இன்னும் கோடுகள் தெரிந்தன.

"அரிசியளவு பல்லோட ஒரு சீவல் இது" என்றாள் அந்தப் பெண். "பல்லு வளர்றப்ப நாளுக்கொரு படலமா போட்டுக்கிட்டே வரும். அன்னிக்கு ரத்தத்துல என்ன ஓடுச்சோ அது அந்தப் படலத்துல மாட்டிக்கும். அப்புறம் அதை யாராலயும் அழிக்க முடியாது. அம்மா வயித்துல நாலாவது மாசத்திலயே இது ஆரம்பிச்சிடும்."

பெயிண்டர் அக்காவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"இதோ, இந்தக் கோடு மட்டும் கருப்பாத் தெரியுது பாருங்க." திரையில் ஒரு அம்பு நகர்ந்து நின்றது. "இது பொறந்த அன்னிக்கு விழுந்தது."

அவள் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"பொறக்கறதுன்னா சும்மாவா? வெதுவெதுப்பான இடத்திலேர்ந்து குளிருக்கும் வெளிச்சத்துக்கும் வந்து விழுறோம். அந்த அதிர்ச்சியில பல்லு வளர்றது கொஞ்சம் தடுமாறிடும். எந்த ஊர்க் குழந்தை பல்ல வெட்டினாலும் இந்தக் கோடு இருக்கும். இதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது அம்மா வயித்துக்குள்ள. இந்தப் பக்கம் இருக்கறது வெளிய."

பெயிண்டர் அக்கா அந்தக் கோட்டையே பார்த்தாள். மகன் பிறந்த அன்று அவள் கத்தியது, வெல்டர் கையில் கிரீஸோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தது எல்லாம் அவளுக்கே இப்போது கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அந்தக் களேபரத்துக்கு நடுவில், யாரும் கேட்காமல், அவன் ஈறுக்குள் ஏதோ ஒன்று அந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறது. அவள் அழவில்லை. மூச்சு விட மறந்திருந்தாள், அவ்வளவுதான்.

"இப்ப மிஷின் லேசரால படலம் படலமா படிச்சதைப் போடுறேன்" என்றாள் பெண்.

சிவப்பில் ஒரு கோடு திரையின் உச்சிக்கு ஏறியது. ஈயம்.

பின்வரிசையில் நாற்காலி சத்தமிட்டது. ஈயத்துக்காரர் எழுந்துவிட்டார். "நான் சொல்லல? ஈயம்தான்! ஈயத்தைப் பார்த்தா மத்தது எதையும் பார்க்க வேண்டியதில்ல." தன் பொருள் இத்தனை உயரம் ஏறியதில் அவர் முகத்தில் ஒரு பெற்றோருக்குரிய பூரிப்பு. வந்துபோனபோது வரம்புக்குள் இருக்கிறது என்று சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"மாங்கனீசு கிட்டத்தட்ட இல்லவே இல்லையே" என்றார் மேடம் நிம்மதியாக.

"ஆர்செனிக் சுத்தமா இல்ல" என்றார் தண்ணீர்க்காரர். "எங்க தண்ணி பன்னீர் மாதிரி."

பெயிண்டர் அக்காவுக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு பதில் வேண்டுமென்றுதானே கேட்டாள், கிடைத்துவிட்டதே என்று இருந்திருக்கலாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. "ஏன் தங்கச்சி, இவன் பொறந்ததுலேர்ந்து அந்தப் போர்த் தண்ணிதான் குடிக்கிறான். நல்லதோ கெட்டதோ, கொஞ்சமாவது அதுல தெரியணுமில்ல?"

"அதான்க்கா எனக்கும் புரியல" என்றாள் பெண். "ரெண்டாவது பல்லையும் வெட்டினேன். அது வேற மாதிரி இருக்கு. ஒரே வாய்ல இருந்து ரெண்டு கதை வராது. ரெண்டும் பையனோடதுதானே?"

எல்லோரும் வெல்டரைப் பார்த்தார்கள். வெல்டர் சுண்டெலியைப் பார்த்தான். சுண்டெலி திரையைப் பார்த்தபடி, "நான் ஒண்ணை வாழப்பழத்தோட முழுங்கிட்டேன்ல?" என்றான்.

வெல்டரின் காது மடல் மெல்லச் சிவந்தது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"இல்ல... சின்ன வயசுல என்னோடதும் ஒண்ணு விழுந்துச்சு."

"எல்லாருக்கும்தான் விழும்."

"நான் எடுத்து வச்சேன்."

"எங்க?"

"அந்த டப்பாலதான். அது எங்க அப்பாவோட டப்பா."

சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்துத் தலைமை அதிகாரி வரை போனது. பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, உங்க சின்ன வயசுல வீடு எங்க இருந்துச்சு?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி."

"அப்ப சரி. அந்தக் காலத்துல பெட்ரோல்ல ஈயம் கலப்பாங்க. பஸ் விட்ட புகையெல்லாம் உங்க பல்லுல நிக்குது."

"ஆனா எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றான் வெல்டர்.

"அதை என்கிட்ட கேளுங்க" என்றாள் பெயிண்டர் அக்கா. "சாவிய எங்க வச்சோம்னு தெரியாம வீட்டுப் பூட்ட எத்தன தடவ கட் பண்ணியிருக்கீங்க? கோவம் வந்தா மூக்கு நுனியில நிக்குமே, அது யாருக்கு?"

ஈயத்துக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். அவர் கொண்டாடியது வேறொருவர் பல்.

*

இரண்டாவது சீவல் திரைக்கு வந்தது. இதுதான் சுண்டெலியுடையது. சின்ன மலை, இன்னும் தெளிவான அடுக்குகள், நடுவில் அதே கருப்புக் கோடு. பெயிண்டர் அக்கா இந்த முறை அதைத் தானே கண்டுபிடித்தாள். விரல் நீட்டி மகனுக்குக் காட்டினாள். "அதோ, அதுதான் நீ பொறந்த நாளு." சுண்டெலி வாயைத் திறந்தபடி பார்த்தான்.

ஈயம் கீழேயே தவழ்ந்தது. "வரம்புக்குள்ள" என்றார் ஈயத்துக்காரர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பச்சைக் கோடு வந்தது. "மாங்கனீசும் வரம்புக்குள்ளதான்" என்றார் மேடம்.

நீலம். "ஆர்செனிக் இருக்கு. ஆனா வரம்புக்குள்ள" என்றார் தண்ணீர்க்காரர்.

பூச்செண்டும் புகைப்படமும் மட்டும் பாக்கி என்ற தோரணையில் தலைமை அதிகாரி எழுந்தார். மூன்று நிபுணர்களும் பையை எடுத்தார்கள். பெயிண்டர் அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. ஒன்றுமில்லை என்று நாலாவது முறையாகச் சொல்லி அனுப்பப் போகிறார்கள். வயிற்றில் இருப்பதும் ஒன்றுமில்லாததற்குள் பிறந்து ஒன்றுமில்லாமலே தடுமாறும்.

"உக்காருங்க சார், இன்னும் முடியல" என்றாள் ஆய்வகப் பெண். அதிகாரியை உட்காரச் சொல்வது அவளுக்கு முதல் தடவையாக இருக்கவேண்டும். "இதுவரைக்கும் தனித்தனியாத்தான் பார்த்தோம். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் காட்டுறேன்."

மூன்று நிறமும் ஒரே மலையின் மேல் படர்ந்தன. கருப்புக் கோட்டுக்கு முந்தைய பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன அலைகள். கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிவப்பு லேசாக உயர்ந்தது. அதே இடத்தில் பச்சையும் உயர்ந்தது. அதே இடத்தில் நீலமும். தனியாகப் பார்த்தால் மூன்றும் குட்டி மேடுகள். மூன்று நிறமும் ஒன்றாகக் கலந்த இடத்தில், பல்லுக்குள் யாரோ ஒரு விளக்கை ஏற்றிவைத்தது போல ஒரு வெளுத்த பட்டை தெரிந்தது.

"இது எப்ப?" என்றாள் பெயிண்டர் அக்கா.

"பொறந்து சில மாசத்துல. அப்ப வீட்டுல ஏதாவது நடந்துச்சாக்கா?"

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பள்ளிக்கூடத்து ஜன்னல்" என்றாள்.

ஒரு புதுப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஜன்னல் கம்பி ஆர்டர் வந்த காலம் அது. பிள்ளைகள் தவறி விழுந்துவிடக்கூடாதே என்று போடுகிற கம்பி. முற்றம் கொள்ளாமல் இரும்பு. அவன் ஒட்டிக்கொண்டே இருந்தான், அவள் பிரைமர் அடித்துக்கொண்டே இருந்தாள், கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று தொட்டிலை நடுவில் கட்டியிருந்தார்கள். வேலைக் களைப்பில் அவளுக்குப் பால் வற்றிப்போய், மாவுப்பால் கரைத்துக் கொடுத்தாள். பழைய கிணறு வற்றி, புதுப் போர் போட்டு, அந்தத் தண்ணீரில் பால் கரைத்ததும் அந்த வருஷம்தான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"தொட்டில் பக்கத்துல இருந்தா நல்லதுன்னுதானே..." என்றான் வெல்டர்.

"நல்லதுக்குத்தான்ணா. யாரும் உங்களுக்குச் சொல்லலையே." பெண் அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஒரு பல்லை வச்சு இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதே மாதிரி நிறையக் குழந்தைங்க பல்லு எங்ககிட்ட வந்திருக்கு. ஒண்ணு மட்டும் கொஞ்சமா இருக்கற குழந்தைங்களைவிட, மூணும் ஒரே சமயத்துல கொஞ்சம் கொஞ்சமா இருக்கற குழந்தைங்கதான் அதிகம் கஷ்டப்படறாங்க. மூளை தன்னைத்தானே கட்டிக்கிற நேரம் அது. ஒரு பக்கம் இடிச்சா அது சமாளிச்சுக்கும். மூணு பக்கமும் சேர்ந்து இடிச்சா திணறுது. இதுல எந்தக் குழந்தையும் எந்த வரம்பையும் தாண்டல."

மூன்று மாடி வரம்புகளும் ஒழுங்காக அவரவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தன. குழந்தை அவற்றுக்கு நடுவே படுத்திருந்தது.

ஈயத்துக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். பிரகடனம் எதுவும் செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வெளுத்த பட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். தலைமுடி நரைக்கும்வரை ஈயத்தைப் பற்றியே பேசி வந்தவர் அவர். ஒரு குழந்தையின் உள்ளே அது போய் உட்கார்ந்த இடத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

"மேடம்" என்றார் திரும்பாமல். "உங்க மாங்கனீசு அந்த வீட்டுல எவ்வளவு வந்துச்சு?"

மேடம் ஒரு கணம் தயங்கினார். மாடிகளின் வரலாற்றிலேயே கேட்கப்படாத கேள்வி. அப்புறம் சொன்னார். தண்ணீர்க்காரர் கேட்காமலே தன்னுடையதையும் சொன்னார். மூவரும் திரைக்கு முன்னால் நெருங்கி நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். கோயிலில் நிற்பவர்கள் மாதிரி இருந்தது.

பெயிண்டர் அக்கா விடவில்லை. "இப்ப சொல்லுங்க. மூணுல எதை நிறுத்தட்டும்?"

ஆய்வகப் பெண்தான் சொன்னாள். "எதுன்னு தேடிக்கிட்டு இருக்காதீங்கக்கா. எதை முதல்ல எடுக்க முடியுதோ அதை எடுங்க. ஒண்ணைக் குறைச்சாலே மத்த ரெண்டோட பாரமும் குறையும். அப்புறம் அடுத்தது. உங்க வயித்துல இருக்கறதுக்கு இப்பதான் பல்லு ஆரம்பிக்குது. முதல் கோடே இன்னும் சரியா விழுந்திருக்காது."

"பெரியவனுக்கு?"

"அவனுக்கு மூளை இன்னும் வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு நேரத்துல ஒரு விஷயம் சொல்லுங்க. பொறுமையா சொல்லுங்க. நல்லா மேல வருவான்."

சுண்டெலி எழுந்து திரையருகே போய், தன் பல்லின் மேல் விரலை வைத்தான். விரலின் நிழல் மலைமேல் பெரிதாக விழுந்தது.

*

அடுத்த நாள் காலை மூன்று நிபுணர்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். முன் இருக்கையில் யார் உட்காருவது என்பதில் ஏதோ தகராறு நடந்திருக்கவேண்டும். மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து, முன் இருக்கையில் பைகளை உட்கார்த்தியிருந்தார்கள்.

முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றார்கள். ஈயத்துக்காரர் மூலையைப் பார்த்து, "இங்க ஒரு மோட்டார் இருக்கா?" என்றார். மேடம் பிரைமர் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்க்காரர் வெல்டிங் மிஷினிலிருந்து மோட்டாருக்கு நடந்து பார்த்தார். கையை நீட்டினால் போதும், நடக்கவே தேவையில்லை.

"தொட்டில் எங்க கட்டியிருந்தீங்க?" என்றார் மேடம்.

பெயிண்டர் அக்கா மேலே தகரக் கூரையின் கொக்கியைக் காட்டினாள். மூவரும் அந்தக் கொக்கிக்கு நேர் கீழே போய் நின்று, ஒவ்வொரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை படுத்த இடத்திலிருந்து உலகத்தைப் பார்த்த அதிகாரிகளை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

வேலை மளமளவென்று முடிவானது. மரக்கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையில் வெல்டிங்கை மாற்றிக்கொள்ளலாம் என்று வெல்டர் முந்தின நாள் சாயங்காலமே பேசி வைத்திருந்தான். ஈயம் இல்லாத பிரைமர் எது என்று ஈயத்துக்காரர் சொன்னார். குடிக்கவும் சமைக்கவும் மேட்டுத்தெருப் பொதுக்குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தண்ணீர்க்காரர்.

"தினம் அவ்வளவு தூரம் குடம் சுமக்கணுமா?" என்றான் வெல்டர்.

"நீங்க சுமக்கணும்" என்றாள் மனைவி.

"அப்புறம் இந்தத் தூசி" என்றார் ஈயத்துக்காரர், சொற்பொழிவுக்குத் தொண்டையைச் செருமியபடி. "காய்ஞ்ச துடைப்பத்தால கூட்டவே கூடாது. தூசி பறந்து மறுபடி உள்ளதான் போகும். ஈரத்துணியால, ஒரே பக்கமா, மெதுவா..."

வெல்டர் ஒரு பழைய துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்தான். "செஞ்சு காட்டுங்க சார். எனக்குப் பார்த்தாதான் வரும்."

அவர் துணியைப் பார்த்தார். தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நேற்றைய அந்த வெளுத்த பட்டை அவர் கண்ணில் இன்னும் இருந்திருக்கவேண்டும். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குந்தினார். கொஞ்ச நேரத்தில் மேடம் இன்னொரு துணியோடு எதிர்ச் சுவரிலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர்க்காரர் வாளி மாற்றிக் கொடுத்தார்.

"சார், போர்த் தண்ணியில தொடைக்கலாமா?" என்றான் வெல்டர்.

"தொடைக்கலாம், குடிக்கத்தான் கூடாது" என்றார் தண்ணீர்க்காரர்.

"நக்காம இருந்தா சரி" என்றார் ஈயத்துக்காரர் குனிந்தபடி.

"யாரு, நானா?" என்று மேடம் கேட்க, மூன்று மாடியும் ஒரே நேரத்தில் சிரித்தது.

கர்ப்பிணி தூசியில் நிற்கக்கூடாது என்று பெயிண்டர் அக்காவை வெளியே விரட்டியிருந்தார்கள். அவள் எதிர்வீட்டுப் படியில் மகனோடு உட்கார்ந்து, தன் முற்றம் கழுவப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பாகத் தண்ணீர் வடிந்து வந்தது, அப்புறம் வெளிர் சிவப்பாக.

"அம்மா, உள்ள இருக்கற பாப்பா இப்ப என்ன பண்ணுது?"

"பல்லு செய்யுது."

சுண்டெலி யோசித்தான். "வாயே இல்லாமயா?"

"வாயும் சேர்த்துத்தான் செய்யுது."

"கண்ணு?"

"கண்ணும்தான். மூளையும்."

"எல்லாத்தையும் ஒண்ணாவா?" அவனுக்கு இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்வது எத்தனை கஷ்டம் என்று தெரியும். "யாரும்மா அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

எதிரே மூன்று நிபுணர்கள் முழங்காலில் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் மூவருக்கும் தெரியாது.

"யாரும் சொல்லிக் குடுக்கலடா" என்றாள்.

சுண்டெலி நகர்ந்து வந்து அவள் வயிற்றில் காதை வைத்தான். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது, முற்றத்தில் வாளி உருண்டது, ஈயத்துக்காரர் யாரையோ ஓரம் விடாமல் துடைக்கச் சொன்னார். அவன் எதற்கும் அசையவில்லை. பென்சில் பிடித்தால் நடுங்கும் கை அவள் இடுப்பில் அப்படியே ஊன்றியிருந்தது.

"சத்தமே போடாம செய்யுதும்மா" என்றான்.

அவள் அவன் தலைமேல் கையை வைத்தாள்.